கயிறு பிடித்தவர் கும்பிடுவதில்லை

சிலுவைமுத்துவைப் பற்றி எழுது என்று என்னை யாரும் கேட்கவில்லை. அவரே உயிரோடு இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் பதினெட்டு வருஷம் கயிறு பிடித்தார். அவர் செய்தது அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆஸ்திக்காரர்களின் பெருமையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இன்னொரு மனிதனின் பாரத்தை ஐந்து நிமிஷம் தாங்கியதாக எனக்குத் தகவல் இல்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் சங்கரபாண்டியன். அந்த ஆலையில் கேட் ரைட்டராக இருந்தேன். உள்ளே வருகிறவன், வெளியே போகிறவன் பெயரை எழுதுவது என் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. அதைச் சொல்ல இப்போது மனமில்லை, பிறகு சொல்கிறேன்.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே, ஒரு மாதா கோயிலும் நாற்பது வீடுமாக இருந்த ஊரில் பிறந்தவர் சிலுவைமுத்து. அவருடைய அப்பா கமலை ஓட்டினார். மாட்டைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கிற அந்த வேலையில் எல்லாமே வடக் கயிற்றில்தான் இருக்கிறது. வடம் அறுந்தால் தண்ணீர் அள்ளும் சால் கிணற்றுக்குள் போகும், சில சமயம் மாடும் போகும். ஆகவே அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே கயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தைந்தாம் வருஷம் கிணறு வற்றிப்போனது. சிலுவைமுத்து, மனைவி தெரசாளைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு நடந்தே வந்தார். தெரசாள் சட்டி பானையைச் சுமந்தாள். இவர் வடத்தைச் சுமந்தார். கிணறு இல்லாத டவுனுக்கு இது எதுக்கு என்று தெரசாள் வழி நெடுகக் கேட்டாளாம். இவர் முன்னால் நடந்துகொண்டே இருந்தாராம்.

அந்த வடம்தான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அரவை நடக்கிற மாதங்களில் பஞ்சுத் தும்பு பறந்து பறந்து ஆலைக் கூரையில் படியும். பக்கத்திலேயே எஞ்சினின் புகைக்குழாய். ஒரு பொறி விழுந்தால் போதும், கூரையில் ஓடுகிற நெருப்பு பஞ்சைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கிக்குள் இறங்கிவிடும். அதனால் வாரத்துக்கு இரண்டு நாள், தகரம் சூடேறுவதற்கு முன்னால் காலை நேரத்திலேயே ஒரு ஆள் ஏறிக் கூரையைக் கூட்டிவிட வேண்டும். ஏறுகிறவன் இடுப்பில் கயிறு. அந்தக் கயிறு கூரை உச்சியின் முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். அங்கே தரையில் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கூட்டுகிறவன் கிழக்குச் சரிவில், பிடிக்கிறவன் மேற்கு முற்றத்தில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேலே இருப்பவன் நடக்கிறானா, நிற்கிறானா, உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறானா என்பதெல்லாம் கயிறு வழியாகக் கைக்கு வந்து சேரும். சிலுவைமுத்துவுக்கு அது வாசிக்கத் தெரிந்த கடிதம் மாதிரி.

மேலே ஏறியவன் மொக்கையன். பாளையம்பட்டிக்காரன், அவரைவிட இரண்டு வயது மூத்தவன், பூனை மாதிரி நடப்பான். இரண்டு பேருக்கும் ஒரே வெற்றிலைப் பை. மொக்கையன் மேலே இருக்கும்போது பை சிலுவைமுத்துவின் மடியில் இருக்கும். இறங்கி வந்ததும் மொக்கையன் மடிக்குப் போகும். எட்டு வருஷம் இப்படியே போனது.

நாற்பத்தொன்றில் அடித்த சூறைக்காற்றில் கூரைத் தகரம் ஏழெட்டு பறந்துபோனது. யுத்த காலம். தகரம் எங்கேயும் கிடைக்கவில்லை. முதலாளி சிமெண்ட் சீட்டு வாங்கி அந்த இடங்களை அடைத்தார். பார்வைக்குத் தகரத்தைவிடக் கனமாக, முரட்டுத்தனமாக இருந்தது. எங்களுக்கெல்லாம் பெருமை. தகரம் மிதித்தால் நெளியும், சத்தம் போடும். சிமெண்ட் சீட்டு நெளியாது, சத்தம் போடாது, சட்டென்று உடைந்துவிடும். அடியில் சட்டம் ஓடுகிற ஆணி வரிசையில் மட்டும்தான் அதில் கால் வைக்கலாம் என்பதைச் சீட்டு விற்றவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது என் இன்னொரு வேலையைச் சொல்கிறேன். முதலாளியின் கார் வளைவில் திரும்பியதும் நான் கேட்டில் நின்றபடி சத்தம் போட வேண்டும். பின்னால் கரி அடுப்பு கட்டி, அதன் புகையில் ஓடிய கார் அது. பெட்ரோல் கிடைக்காத நாட்களில் அது வருவது தெரிவதற்கு முன்னால் அதன் புகை வந்துவிடும். நான் "முதலாளி வாராக" என்பேன். உடனே முற்றத்தில் இருக்கிற அத்தனை பேரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே கும்பிட்டு நிற்க வேண்டும். மூட்டை சுமப்பவன் மூட்டையை இறக்கிவிடுவான். தராசு பிடிப்பவன் தராசை விட்டுவிடுவான். இது எழுதி வைத்த விதி அல்ல. எழுதாததாலேயே யாரும் மீறியதில்லை.

நாற்பத்து மூன்று சித்திரையில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நான் சத்தம் போட்டேன். சிலுவைமுத்து எட்டு வருஷமாகச் செய்துவந்ததையே அன்றும் செய்தார். கயிற்றைத் தரையில் போட்டு, வலது காலால் அழுத்தி மிதித்துக்கொண்டு, துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார். தகரக் கூரையாக இருந்த நாளில் அந்த ஒரு மிதி போதுமாயிருந்தது. அதே நேரம் கிழக்குச் சரிவில் மொக்கையன், சிமெண்ட் சீட்டின் நடுவில் காலை வைத்தான்.

கயிறு சிலுவைமுத்துவின் காலடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடியது. உள்ளங்காலின் தோல் அதோடு போனது. அவர் பாய்ந்து பிடித்தபோது கையில் இருந்தது வெறும் நுனி. உள்ளே இருபதடி உயரத்திலிருந்து மொக்கையன், பருத்திக்கொட்டைக் குவியலில் பாதியும் கல் தரையில் பாதியுமாக விழுந்து கிடந்தான். முதலாளி நல்லவர்தான், தன் காரிலேயே அவனை மதுரைக்கு அனுப்பினார். காரியாபட்டி வந்ததும் கரி அடுப்பு அணைந்துவிட்டது. அதை மறுபடி மூட்டி, புகை சரியாக வருகிறவரைக்கும் அரை மணி நேரம் மொக்கையன் சந்தைத் தோப்பில் காரில் கிடந்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் நாலு மாதம். உயிர் பிழைத்தது. இடுப்பு உடைந்தது உடைந்ததுதான். ஒரு கால் குட்டையாகிவிட்டது. தடியை ஊன்றாமல் நிற்க முடியாது. சிலுவைமுத்து போய்ப் பார்த்தார். மொக்கையன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி குருவம்மாள்தான் வெளியே வந்தாள்.

"போயிருங்கண்ணே. மொதலாளியக் கும்பிடவா என் உசுர விட்டான்னு அவுக பொலம்பிக்கிட்டே கெடக்காக. உங்களப் பாத்தா இன்னும் சாஸ்தியாகும்" என்றாள்.

வெற்றிலைப் பை அவர் மடியில்தான் இருந்தது. அதைக் குருவம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அன்றோடு வெற்றிலை போடுவதையும் விட்டார்.

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தம் போட்டவன் நான் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கு மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நானே போய் அவரிடம் சொன்னேன். அவர் வடத்தை வெயிலில் விரித்துப் பிரி பிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் போட்டது உங்க வேல, ரைட்டரய்யா. விட்டது என் காலு" என்றார்.

நான் ஆறுதல் தேடிப் போனேன். அவர் கொடுத்ததை ஆறுதல் என்று சொல்ல முடியாது.

ஆனி மாதம் மறுபடி அரவை மும்முரமானது. மொக்கையன் இடத்தில் பால்ச்சாமி என்பவன் ஏறினான். இந்தத் தடவை சிலுவைமுத்து சில ஏற்பாடுகளைச் செய்திருந்தார். முற்றத்துக் கல்தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தார். முகட்டில் கயிறு உராயும் இடத்தில் சாக்கை மடித்துப் போட்டார். சீட்டுகளின் மேல் குறுக்கே இரண்டு பலகை. ஏணியின் தலையைச் சட்டத்தோடு கட்டாமல் பால்ச்சாமியை முதல் படியில் கால் வைக்க விடவில்லை. அவன் ஏறியதும், ஏணி வேறு யார் கைக்கும் போகாதபடி அடையாளமாக அடியில் தன் துண்டைக் கட்டிவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கத் தலையில் துண்டு இல்லை.

கார் வந்தது. நான் சத்தம் போட்டேன். தயங்கித்தான் போட்டேன், ஆனாலும் போட்டேன். முற்றமே கும்பிட்டது. சிலுவைமுத்து கல்தூணுக்குப் பக்கத்தில், முகட்டைப் பார்த்த முகத்தோடு, கயிற்றைப் பிடித்தபடி நின்றார். முதலாளி அவரைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தார்.

"என்னடா, கண்ணு தெரியலையா?"

"தெரியுது மொதலாளி. மேல பால்ச்சாமி இருக்கான்."

"மேல ஆளு இருக்கான்னா, கீழ நிக்கிற நான் ஆளு இல்லையா?"

"நீங்க தரையில நிக்கிறீக மொதலாளி" என்றார் சிலுவைமுத்து.

அதில் கிண்டல் எதுவும் இல்லை. அவருக்குக் கிண்டல் வராது. விழ வாய்ப்பில்லாத இடத்தில் இருக்கிறீர்கள் என்று தகவல் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் முற்றத்தில் எவனோ ஒருவன் இருமினான். இருமலா சிரிப்பா என்று பிரித்தறிய முதலாளி காத்திருக்கவில்லை. அன்று பதினொரு மணிக்கே சிலுவைமுத்துவின் பெயரை நான் வெளியேறினவர் பக்கத்தில் எழுதினேன். அவர் வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வடம் அவருடையது.

அடுத்த முறை கூட்டும் நாளில் கயிறு பிடிக்க வேறு ஒருவனை நிறுத்தினார்கள். பால்ச்சாமி ஏணியடியில் வந்து நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"மொதலாளி வந்தா நீ கும்பிடுவியா?" என்று கேட்டான்.

"கும்பிடாம?" என்றான் அவன்.

பால்ச்சாமி ஏணியை எடுத்துக் கீழே கிடத்திவிட்டுப் போய் மூட்டை தூக்க ஆரம்பித்தான். இன்னொருவனைக் கேட்டார்கள். அவனும் அதே கேள்வியைக் கேட்டான். வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் வேலை செய்தார்கள். கூரையில் மட்டும் ஏறவில்லை. ஒன்பதாம் நாள் கூரையில் பஞ்சு, கட்டிலில் விரித்த மெத்தை அளவுக்குப் படிந்துவிட்டது. அன்று மத்தியானம் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் அது புகைய ஆரம்பித்தது. ஏணியில் நின்றபடியே பானை பானையாகத் தண்ணீரை வீசி அணைத்தார்கள். பாதித் தண்ணீர் முதலாளி மேல் விழுந்தது. அவர் அங்கே ஏணியடியில்தான் நின்றிருந்தார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "அவனப் போய்க் கூட்டிட்டு வாய்யா" என்றார்.

நான் போனேன். சிலுவைமுத்து வர மாட்டேன் என்று சொல்லவில்லை. கூரை வேலைக்கு என்னென்ன விதி என்று எழுதிப் போடணும் என்றார். நான் மறுநாள் காலை பலகையும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் உட்கார்ந்தேன். சிலுவைமுத்து வாசலில் நின்று சொன்னார், நான் எழுதினேன். ஏணியின் தலையைக் கட்டாமல் ஏறக் கூடாது. சிமெண்ட் சீட்டில் பலகை போட்டு, ஆணி வரிசை மேல்தான் நடக்க வேண்டும். காற்றிலும் ஈரத்திலும் ஏறக் கூடாது. இதற்கெல்லாம் முதலாளி தலையை ஆட்டினார். கடைசி விஷயம் வந்தபோது அவரே வாசகம் சொன்னார்: கயிறு பிடித்திருப்பவர் யாரையும் கும்பிட வேண்டியதில்லை.

"அது பத்தாது, கும்பிடக் கூடாதுன்னு எழுதுங்க ரைட்டரய்யா" என்றார் சிலுவைமுத்து.

"ரெண்டும் ஒண்ணுதானய்யா?" என்றார் முதலாளி.

"இல்ல மொதலாளி. வேண்டியதில்லன்னா, பயந்தவன் எதுக்கு வம்புன்னு கும்பிட்டுருவான். கூடாதுன்னு போட்டாத்தான் பயந்தவனும் கும்பிடாம இருக்கலாம். நானும் பயந்தவன்தான்."

முதலாளி என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் 'கூடாது' என்று எழுதினேன். என் ஆயுளில் நான் எழுதியவற்றில் உருப்படியான எழுத்து அது ஒன்றுதான். அதை நான் சொல்லவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. கை மட்டும்தான் என்னுடையது.

பலகை கேட்டில் தொங்கியது. மேலே ஆள் இருக்கும்போது பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியும் தொங்கும். துணி தொங்கினால் நான் சத்தம் போட மாட்டேன். முதலாளிக்கு ஒப்புக்கொண்டதில் மானம் போகவில்லை. ஆனால் கும்பிடாத ஒருவனைக் கடந்து போவது அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. துணியைப் பார்த்தால் காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, மதிலைச் சுற்றிக்கொண்டு, பருத்திக்கொட்டைக் கிட்டங்கியின் பின்வாசல் வழியாக உள்ளே வருவார். இரண்டு வருஷத்தில் அங்கே கருவேல முள்ளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. ஆலை முதலாளிக்கென்று பாதை போட்ட கூலிக்காரன் எங்கள் தாலுகாவில் சிலுவைமுத்து ஒருவர்தான்.

மற்றவர்களுக்கும் இதே கதிதான். மதுரையிலிருந்து ஆலையைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் குட்மார்னிங் சொன்னார். சிலுவைமுத்து முகட்டைப் பார்த்தே இருந்தார். கோயில் கட்ட நன்கொடை கேட்டுப் பங்குச் சாமியார் வந்தார். "தோத்திரம் சாமி" என்று சிலுவைமுத்து வாயால் சொன்னார், முகத்தைத் திருப்பவில்லை, கையை எடுக்கவில்லை. அடுத்த தவசு காலத்தில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் அதை ஒரு பாவமாகச் சொன்னாராம். சாமியார் யோசித்துப் பார்த்துவிட்டு, இது பட்டியலில் இல்லை என்றாராம். கயிற்றைக் காலால் மிதித்த அந்த நாளையும் அங்கே சொன்னதாகவோ, அதற்கு என்ன தண்டனை கிடைத்ததென்றோ அவர் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் ஒரு கட்டு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு பாளையம்பட்டிக்குப் போவார். மொக்கையன் வீட்டு வாசலில் விறகை இறக்குவார். மொக்கையன் தடியை ஊன்றி எழுந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்துவான். எழுந்து உள்ளே போக அவனுக்கு நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் சிலுவைமுத்து தெருவில் நிற்பார். அந்தக் காலின் ஒவ்வொரு அடியையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். விறகைக் குருவம்மாள் எடுத்து வைத்துக்கொள்வாள். அஞ்சு வருஷம் இது நடந்தது. நான் ஒரு தரம், "எதுக்குய்யா இப்படிப் போய் அவமானப்படுறீரு?" என்று கேட்டேன்.

"ஒரு நாளு திரும்பிப் பாப்பான் ரைட்டரய்யா. அன்னைக்கு நான் இல்லாமப் போயிட்டா?" என்றார்.

நாற்பத்தெட்டில் பால்ச்சாமி, மதுரையில் மில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த வருஷம் மழை பொய்த்தது. நரிக்குடிப் பக்கமெல்லாம் ஆட்டுக்குக்கூடத் தழை இல்லை. அரவை முடிந்ததும் மூட்டைக்காரர்களையெல்லாம் நிறுத்திவிடுவார்கள் என்பது தெரிந்த விஷயம். கூரை ஆளை மட்டும் வருஷம் முழுக்க வைத்திருப்பார்கள், கூரை மராமத்து இருப்பதால். குருவம்மாளின் தம்பி பூமிநாதன் எங்கள் ஆலையில் மூட்டைதான் தூக்கினான். மொக்கையன் வீட்டில் அவன் ஒருவன் சம்பாத்தியத்தில்தான் அடுப்பு எரிந்தது. கூரை வேலையை அவனுக்கே கொடுப்பதாக மேஸ்திரி சொன்னார்.

வீட்டில் போய்ச் சொன்னான். மொக்கையன் தடியால் தரையைக் குத்தினானாம்.

"அவன் கையில ஒன்னக் குடுக்க மாட்டேன். பட்டினி கெடந்து சாவோம்" என்றானாம்.

பூமிநாதன் இரண்டு நாள் மூட்டையே தூக்கினான். மூன்றாம் நாள் அக்காளிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்து ஏணியடியில் நின்றான். சிலுவைமுத்து அவன் இடுப்பில் முடிச்சுப் போட்டார். போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். நான் பார்த்தவரையில் அவர் முடிச்சை இரண்டு தரம் போட்டது அன்று ஒரு நாள்தான்.

"மச்சானுக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணே."

சிலுவைமுத்து வடத்தைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தார். பூமிநாதன் ஏறி முகட்டைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் மறைந்தான். நான் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்து என் முக்காலியில் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். ரோட்டில் மொக்கையன் வந்தான். குருவம்மாள் மனசு கேட்காமல் அவனிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். ஒரு மைலுக்கு மேல் இருக்கும். தடியோடு அவன் அவ்வளவு வேகமாக வந்ததே எனக்கு ஆச்சரியம். வேட்டி முட்டிவரை புழுதி. கேட்டில் நான் எழுந்து நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நேரே கல்தூணுக்குப் போய், கயிறு பிடித்து நின்றவருக்கு முன்னால், ஒரு கை தூரத்தில் நின்றான்.

"ஏலே சிலுவை."

அஞ்சு வருஷம் கழித்து அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது. சிலுவைமுத்துவின் கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். முகம் மட்டும் முகட்டிலிருந்து அசையவில்லை.

"சொல்லுலே" என்றார்.

"அவன எறக்கி விட்டுருலே. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். நான் வைய வரலை. சண்டைக்கும் வரலை. உன்னக் கும்பிட்டுக் கேக்குறேன்."

சொன்னவன், சொன்னபடியே தடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். பதைப்பில் தன் இடுப்பை மறந்துவிட்டான். தடி கல் தரையில் விழுந்து உருண்டது. ஊனக் கால் மடங்கியது. மொக்கையன் கும்பிட்ட கையோடு முன்பக்கமாகச் சாய்ந்தான், சிலுவைமுத்துவின் நெஞ்சைப் பார்த்து.

ஒரு கையை நீட்டினால் போதும், பிடித்திருக்கலாம். தூணில் இரண்டு சுற்று இருக்கிறது. ஒரு கையை எடுத்தாலும் கயிறு ஓடாது என்பது எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பலகையில் எழுதியிருப்பது கும்பிடுவதைப் பற்றித்தான், விழுகிறவனைப் பிடிப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. அவருடைய தோள் முன்னால் போனது. அதை என் கண்ணால் பார்த்தேன். தோள் போனது, கை போகவில்லை. இரண்டு கையும் வடத்தில் இருந்தன, விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

"ரைட்டரய்யா, அவனப் புடிங்க" என்றார். சத்தம் போடவில்லை. கெஞ்சினார்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. எனக்கு ஓடிப் பழக்கமில்லை. மொக்கையன் தரையில் விழுவதற்கு முன் அவன் அக்குளில் கையைக் கொடுத்துத் தாங்கிவிட்டேன். இரண்டு பேருமாகச் சரிந்து உட்கார்ந்தோம். அவன் எலும்பும் தோலுமாக இருந்தான். அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அஞ்சு வருஷத்துக்கு முன் என் தொண்டையிலிருந்து போன சத்தம் அவன் இடுப்பில் போய் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கையால் உணர்ந்தேன். அழுதேன். சொல்ல வெட்கம் எதுவும் இல்லை.

மொக்கையன் என்னைக் கவனிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி சிலுவைமுத்துவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையிலிருந்து கயிறு தூணுக்குப் போய், தூணிலிருந்து முகட்டுக்கு ஏறி, மறுபக்கம் மறைகிறவரைக்கும் பார்த்தான். பிறகு சிலுவைமுத்துவின் முகத்தைப் பார்த்தான். கண்ணீர் தாடைவரை வழிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை. மேலே பூமிநாதனுக்கு எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்கு விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"எறக்கணுமாலே?" என்று கேட்டார் சிலுவைமுத்து.

மொக்கையன் தூணில் முதுகைச் சாய்த்து, குட்டைக் காலைக் கையால் எடுத்து நேராக நீட்டிக்கொண்டான்.

"பாதியில எறக்குனா மீதிய யாரு கூட்டுறது?" என்றான்.

பூமிநாதன் கூட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் தடியை எடுத்து மொக்கையன் பக்கத்தில் வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். பூமிநாதன் முகட்டில் தலையைக் காட்டினான். கீழே மச்சானைப் பார்த்துத் திகைத்து அங்கேயே நின்றுவிட்டான். "பலகையப் பாத்து வாய்யா" என்றார் சிலுவைமுத்து. அவன் ஆணி வரிசை பிடித்து வந்து, ஏணியில் இறங்கி, இரண்டு காலையும் தரையில் வைத்தான். சிலுவைமுத்து போய் அவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். தூணில் இருந்த இரண்டு சுற்றையும் கழற்றினார். வடத்தைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். ஏணியில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். எதையும் அவசரப்படுத்தவில்லை. நான் சிவப்புத் துணியை இறக்குகிறவரைக்கும் காத்திருந்தார்.

அப்புறம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மொக்கையன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நின்று கும்பிட்டார்.

மொக்கையன் மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தான். அதே பை. தனக்கு ஒன்றை மடித்துப் போட்டுக்கொண்டு, மெல்ல ஆரம்பித்துவிட்டு, பையைத் தரையில் சிலுவைமுத்துவின் பக்கமாகத் தள்ளி வைத்தான்.